ரிமோட் சொன்ன குளிர்

பலாபத்வலையில் பெரிய வீதியை விட்டுச் சற்று உள்ளே போனால் ஒரு மாடிக் கட்டடம் வரும். அதன் முன்னால் கட்டடத்தை விட நீளமான பெயர்ப்பலகை நிற்கிறது. மத்திய மலைச்சாரல் காளான் மேம்பாட்டு, ஆலோசனை மற்றும் விரிவாக்கப் பிராந்திய நிலையம் என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் வாய் நோகாமல் காளான் கந்தோர் என்பார்கள். அங்கே பணிப்பாளர் இருக்கிறார், அவருக்கு உதவியாளர் இருக்கிறார், உதவியாளருக்கு உதவ இன்னும் சிலர் இருக்கிறார்கள். வாகனம் கிடையாது, ஆனால் சாரதி உண்டு. நிலையம் திறந்த நாள்முதல் அங்கே வளர்ந்த காளான் என்றால், மழை விட்ட பிறகு பின்வளவில் தானாக முளைப்பதுதான். அதையும் வளவு அசிங்கமாகத் தெரிகிறது என்று பிடுங்கி எறிந்துவிடுவார்கள்.

இந்த இடத்தை நம்பித்தான் ஹவ்வா தன் காளான் பைகளை எல்லாம் கொண்டுபோய் ஒப்படைத்தாள். பாவம், அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஹவ்வா முன்னர் மாத்தளை டவுனில் புருஷனின் அண்ணன் மஹ்ரூப் நடத்தும் அரைக்கும் மில்லில் மிளகாய்த்தூள் பொதி செய்தவள். கண்ணெரிச்சலும் தும்மலும் பழகிப்போயின. பழகாதது மஹ்ரூபின் வாய். "நான் ஒருத்தன் இல்லாட்டி எல்லாரும் எங்க போய் நிப்பீங்க?" என்று ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது அவர் கேட்காவிட்டால் மில் ஓடாது. ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய் வந்த ஹவ்வா, வீட்டுக்குப் பின்னால் கிடுகுக் கொட்டில் ஒன்றைப் போட்டு, மரத்தூள் அடைத்த பைகளில் காளான் விதையிட்டு வளர்க்கத் தொடங்கினாள். நாலந்தாவில் வெள்ளைக்காரர் வந்து தங்கும் விடுதி ஒன்று அவளிடம் வாடிக்கையாக வாங்கியது. மில்லை விட்டு வந்த அன்று மஹ்ரூப் சிரித்துக்கொண்டே சொன்னார். "காளானாம் காளான். எத்தன நாளைக்கு? கதவு தொறந்துதான் ஈக்கும், வாங்க." அந்தத் திறந்த கதவுக்குள் மறுபடி நுழையக்கூடாது என்பதற்காகவே அவள் விடியுமுன் எழும்பிப் பைகளுக்குத் தண்ணீர் தெளித்தாள்.

இந்த வருஷம் வெயில் கொஞ்சமல்ல. கொட்டிலுக்குள் ஈரச் சாக்குத் தொங்கவிட்டாலும் அது ஒரு சோறு வேகிற நேரத்துக்குள் காய்ந்தது. பைகளுக்குள் பஞ்சுபோல் படரவேண்டிய வெள்ளை, மஞ்சளடிக்கத் தொடங்கியது. விடுதிக்காரர் பெருநாள் விடுமுறைக்குக் கூட்டம் வருமென்று கூடுதலாகக் கேட்டிருந்தார். கொடுக்காவிட்டால் தம்புள்ளைப் பக்கம் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும், அவருக்கே உரிய மரியாதையோடு, சொல்லியிருந்தார். அந்த நேரத்தில்தான் காளான் கந்தோருக்கு ஏசி வந்திருக்கிறது, வெயில் முடியும்வரை ஊர்க்காரர் பைகளைக் குளிரறையில் வைத்துக் காப்பாற்றப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது.

ஏசிக்குத் திறப்பு விழா வைத்தார்கள். அறை வாசலில் ஒரு நாடா, சுவரில் தொங்கிய ஏசியின் உடம்பில் ஒரு நாடா. கொழும்பிலிருந்து வந்த பிரதம அதிதி முதலாவதை நின்றபடியும் இரண்டாவதைக் கதிரை மேல் ஏறியும் வெட்டினார். சுபநேரம் பார்த்து ஏசிக்கு நேர் கீழே மங்கள விளக்கை ஏற்றினார்கள். வெற்றிலைத் தட்டில் ரிமோட்டை வைத்து நீட்டினார்கள். பொலித்தீன் உறை கழற்றப்படாத அந்த ரிமோட்டை அதிதி வாங்கி, ஏசியின் முகத்துக்கு நேரே பிடித்து அழுத்தினார். ஏசி 'கீங்' என்றது. வாய் திறந்தது. ஜிலுஜிலுவென்று காற்று இறங்கி, விளக்கின் திரிகளை ஒன்று விடாமல் அணைத்தது.

சபை அப்படியே உறைந்துபோனது. பணிப்பாளர் திவாகரன் மட்டும் அசரவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்தார். "விளக்கின் வெப்பத்தையே நமது குளிர் வென்றுவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாக யாராலும் காட்ட முடியாது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஹவ்வாவும் தட்டினாள். கழுத்தில் பட்ட அந்தக் காற்று உண்மையிலேயே சுகமாக இருந்தது.

"இனி இந்தப் பக்கத்துல ஒரு காளானும் சூட்டால சாகாது. அதுக்கு நான் பொறுப்பு" என்று திவாகரன் மேடையிலிருந்து இறங்கும்போது அவளிடம் தனியாகவும் சொன்னார். மறுநாளே ஹவ்வாவின் புருஷன் யாகூப், தன் ஓட்டோவில் நாலைந்து நடை போட்டுப் பைகளையெல்லாம் கொண்டுவந்து இறக்கினான். தோட்டத்து லைன் வீட்டுக்குப் பின்னால் காளான் வளர்க்கும் அழகாயியும் தன் பைகளைக் கொண்டுவந்தாள்.

விழா முடிந்ததும் ஏசியை நிறுத்திவிட்டு எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார்கள். ரிமோட் வெற்றிலைத் தட்டோடு மேல்மாடியில் உள்ள பணிப்பாளர் அறைக்குப் போனது. ஒரு காலத்தில் யாரோ வென்ற கரப்பந்தாட்டக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டப்பட்டது. அத்தனை பெரிய மனிதரின் விரல் பட்ட பொருளைக் கீழே கண்டபடி போட்டுவைக்க முடியுமா?

அதன்பிறகு திவாகரனும் உதவியாளர் துஷாராவும் தம்புள்ளையில் நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் தங்கி, தொலையியக்கிச் சாதனப் பாவனை பற்றிய பயிலரங்கு ஒன்றை முடித்துக்கொண்டு வந்தார்கள். பாவனை பற்றி அங்கே என்ன சொன்னார்கள் என்பது தெரியாது. பகல் சாப்பாட்டில் இறால் இருந்தது என்பது மட்டும் கந்தோர் முழுக்கத் தெரியும். இருவரின் சான்றிதழும் கண்ணாடி போட்டுச் சுவரில் ஏறின.

அன்றிலிருந்து காலை வழிபாடு தொடங்கியது. திவாகரன் வந்ததும் கை கழுவுவார். அலுமாரியைத் திறப்பார். ரிமோட்டை எடுத்து, தன் மேசைக்கு எதிரே உள்ள வெறும் சுவரைப் பார்த்து ஒரு தடவை அழுத்துவார். ரிமோட்டின் சின்னக் கண்ணாடியில் 18 என்று விழும். "பதினெட்டு" என்பார் துஷாரா. பக்கத்து அறையில் உள்ளவர்கள் "பதினெட்டு" என்று எழுதிக்கொள்வார்கள். உடனே எல்லோரும் கதிரை முதுகில் தொங்கும் சுவெட்டரை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். குளிர்ச் சூழலில் பணிபுரிவோருக்குச் சுவெட்டரும், காலையும் மாலையும் கொத்தமல்லித் தண்ணியும், ஒரு மணித்தியாலம் முன்னதாக வீட்டுக்குப் போகும் சலுகையும் உண்டென்று தலைமையகம் சுற்றறிக்கை விட்டிருந்தது. இப்படி ஒரு குளிரை யார்தான் இல்லையென்பார்கள்?

ஏசி கீழ்மாடியில், கட்டடத்தின் மறுகோடியில், சத்தம் மூச்சில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. முகத்துக்கு நேரே நீட்டி அழுத்தினால் மட்டும் கேட்கிற சாமான் அது. மேல்மாடிச் சுவரிடம் சொன்ன எதுவும் அதற்குப் போய்ச் சேரவில்லை.

சில நாள் கழித்துப் பைகளைப் பார்க்க ஹவ்வா வந்தாள். குளிரறை வாசலில் காவலுக்கு இருந்த நளீம் எழுந்து நின்றான். அக்காவைத் தாத்தா என்பது அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் வழக்கம்.

"தாத்தா, இதப் போட்டுக்கிட்டுத்தான் போகணும்" என்று ஒரு கம்பளிச் சுவெட்டரை நீட்டினான். அவன் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கில் இறங்கி, மூக்கிலிருந்து சுவெட்டரில் விழுந்தது.

உள்ளே போனதும் ஹவ்வாவுக்கு மூச்சு முட்டியது. குளிர் வெளியே போகக்கூடாதென்று ஜன்னல் இடுக்கெல்லாம் அடைத்திருந்தார்கள். கூரைச் சூடு, சுவர்ச் சூடு, பைகளின் ஆவி எல்லாம் போக இடமில்லாமல் அங்கேயே கிடந்து கொதித்தன. இதற்கு அவளுடைய கிடுகுக் கொட்டிலே சொர்க்கம். ஒரு பையைத் தொட்டாள், வடித்த சோறு போலச் சுட்டது.

"அல்லாவே! நளீம், இது என்ன, நெருப்பா ஈக்குது?"

நளீம் சுற்றுமுற்றும் பார்த்தான். "மேல போய்ப் பணிப்பாளர் சேர்ட்ட கேளுங்க தாத்தா. எனக்கு இங்க கதவத் தொறந்து மூடுறதுதான் வேல."

மேலே திவாகரன் ஹவ்வாவை மரியாதையோடு உட்காரச் சொன்னார். அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு அலுமாரியைத் திறந்து, ரிமோட்டைக் கைக்குட்டையில் ஏந்தி அவள் முன்னால் வைத்தார்.

"என்ன போட்டிருக்கு? வாசிங்க."

"பதினெட்டு."

"அப்புறம் எப்படிம்மா சூடா இருக்கும்?"

"சேர், நான் உள்ளுக்குப் போய்த்தானே வாரேன். வேர்த்துக் கொட்டுது."

"வேர்வைங்கறது உங்க உடம்போட சொந்த விசயம். அத வச்சு ஒரு அறையோட வெப்பநிலைய எடுத்தா நாடு எங்க போய் நிக்கும்? ஒருத்தருக்குச் சுடும், ஒருத்தருக்குக் குளிரும். அதனாலதானே அரசாங்கம் கருவி வாங்கித் தருது? நான் அந்த அறைக்குள்ள ஒரு நாளும் போனதில்ல. போகவும் மாட்டேன். போனா எனக்கும் ஏதாவது தோணும். தோணுறத வச்சு முடிவெடுக்கக் கூடாதுங்கறதுதான் நிர்வாகம்."

துஷாரா பக்கத்தில் நின்று சுவெட்டர்க் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "உங்களுக்குக் காய்ச்சல் ஏதும் இருக்குமோ? கொத்தமல்லி கொஞ்சம் குடிக்கிறீங்களா?"

ஹவ்வா குடித்தாள். படித்தவர்கள், சுவரில் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் இருவரும் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் தன் நெற்றியில் தானே புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

மறுதடவை அழகாயியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அழகாயிக்கு நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் பழக்கமெல்லாம் இல்லை. சுவெட்டரை நளீமின் மடியிலேயே போட்டுவிட்டு உள்ளே போனவள், போன வேகத்தில் திரும்பி வந்து மாடிப்படி ஏறினாள்.

"சேர், அங்க உள்ளுக்குக் கெழங்கு வச்சா அவிஞ்சு போயிரும். எங்க பைய அவிச்சுப் போட்டுட்டு இங்க குந்தி நம்பர் வாசிக்கிறீங்களா?"

பின்னால் வந்திருந்த நளீம் தொண்டையைச் செருமினான். "சேர், அந்த ரிமோட்டக் கீழ கொண்டுபோய் ஒருக்கா அமத்திப் பாத்தா என்ன?"

திவாகரன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நளீம், நீங்க பயிலரங்குக்குப் போனீங்களா?"

"இல்ல சேர்."

"நான் போனேன். அங்க எங்களுக்கு முதல்ல சொன்னதே கருவியக் கீழ போட்டுறக் கூடாதுன்னுதான். படியில எறங்கும்போது விழுந்தா? அது போக, ஏசி குளிரறைப் பொருள். ரிமோட் என் அறைப் பொருள். ஓர் அறைப் பொருள் இன்னோர் அறைக்குப் போகணும்னா தலைமையகத்தோட அனுமதி வேணும். பிரதம அதிதி அழுத்தின பொத்தான நீங்க போய் அழுத்துறதா? உங்க தரம் என்ன, அந்தப் பொத்தானோட தரம் என்ன?"

நளீம் தன் தரத்தை நினைத்துக்கொண்டு கீழே போய்க் கதவைக் காத்தான்.

அழகாயி போட்ட சத்தம் வீதிவரை கேட்டதால், தலைமையகத்திலிருந்து குழு ஒன்று ஆராய வந்தது. குழுவில் தடித்த ஒருவர், மெலிந்த ஒருவர், எதற்கும் தலையாட்டும் ஒருவர். முதலில் மேலே போய் ரிமோட்டைப் பார்த்தார்கள். பதினெட்டு. அப்போதே விஷயம் முடிந்துவிட்டது, ஆனாலும் பயணப்படி எழுதவேண்டுமே என்பதற்காகக் கீழே வந்தார்கள். சுவெட்டர் மாட்டினார்கள், காதுக்குத் தொப்பியும் போட்டார்கள். ஹவ்வாவும் கூடவே உள்ளே போனாள். இப்போதாவது தெரிந்துவிடும் என்று அவள் உறுதியாக நம்பினாள்.

கதவு மூடியது. மூவரின் முகமும் பீட்ரூட் நிறத்துக்கு மாறியது. மெலிந்தவர் கண்ணாடியைத் துடைத்தார், அதில் மறுபடியும் ஆவி படிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தனக்கு மட்டும்தான் சுடுகிறதோ என்று மூவருக்கும் பயம்.

"நல்ல குளிர்" என்றார் மெலிந்தவர்.

"நுவரெலியாவே தோத்துப்போயிரும்" என்றார் தலையாட்டி.

தடித்தவர் சுவரோடு சாய்ந்தார், சறுக்கினார், பைகளுக்கு நடுவே மல்லாந்து விழுந்தார். "குளிர் தலைக்கேறிருச்சு!" என்று துஷாரா கத்தினார். ஓடிப்போய் இன்னும் இரண்டு சுவெட்டரைக் கொண்டுவந்து அவர்மேல் போர்த்தினார்கள். அவர் இன்னும் மோசமானார். இன்னொன்றையும் போர்த்தினார்கள். வாசலில் நின்ற யாகூப்பின் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது வீதிக்காற்றுப் பட்டதும் கண்ணைத் திறந்தார். வெளிக்காற்றின் வெப்பம்தான் உயிரைக் காப்பாற்றியது என்று பிறகு அறிக்கையில் எழுதினார்கள்.

ஹவ்வா அன்றே திவாகரனிடம் கெஞ்சினாள். "சேர், என்ட பைகளத் தந்துருங்க. நான் கொட்டிலுக்கே கொண்டுபோறேன். செத்தாலும் என்ட கண்ணுக்கு முன்ன சாவட்டும்."

"எப்படிம்மா? பதினெட்டுல இருந்த பொருளத் திடீர்னு இந்த வெயில்ல எடுத்தா அதிர்ச்சியாயிரும். அதவிட, இதெல்லாம் இப்ப ஆய்வுப் பொருள். நான் இதப் பத்திக் கட்டுரை வாசிக்கப் போறேன். உங்க பேரும் நன்றியுரைல வரும்."

பைகள் செத்தன. முதலில் பச்சைப் பூஞ்சணம், பிறகு கறுப்பு, பிறகு தண்ணீராக ஒழுகிப் புளித்த நாற்றம். நாற்றம் மேல்மாடிக்கும் வந்தது, அதை மறுக்க எந்தக் கருவியும் கைவசம் இருக்கவில்லை. திவாகரன் அவசரக் கூட்டம் கூட்டினார். பைகள் ஏன் செத்தன என்று மேலதிகாரிகள் கேட்பார்கள். அவர் நிதானமாக யோசித்து, அறிவியலுக்குப் பொருந்துகிற ஒரே முடிவுக்கு வந்தார். குளிர் கூடிப்போய்விட்டது.

தலைமையகமும் ஒப்புக்கொண்டது. சூட்டால் நேர்ந்த சேதத்துக்கு ஏதும் தரமுடியாது, ஏனென்றால் அந்த அறையில் சூடு இருந்ததாக எங்கும் பதிவில்லை. குளிரால் நேர்ந்த சேதம் என்று வளர்ப்பாளர்கள் சபை முன்னால் வாயால் சொன்னால், இழந்த அத்தனை பைகளுக்கும் புதுப் பைகள் தரப்படும். நாள் குறித்தார்கள். அதே பிரதம அதிதி வந்தார்.

முதலில் அழகாயியைக் கூப்பிட்டார்கள். "குளிராவது மயிராவது. அவிஞ்சு போச்சு. அவிச்சது நீங்க" என்றாள். சபையில் சலசலப்பு. திவாகரன் ஒலிவாங்கியைப் பிடித்து, அந்த அம்மா குளிரறைக்கு அடிக்கடி போய் வந்ததில் விறைத்துப் பேச்சுத் தடுமாறுகிறார் என்று வருத்தத்தோடு விளக்கினார். அவளுக்குக் கொத்தமல்லித் தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் அதை மேடையிலிருந்த பூச்சாடியில் ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள். புதுப் பையும் போனது.

அடுத்து ஹவ்வா. அவள் மேடையேறினாள். விடுதிக்காரர் அன்று காலைதான் கடைசியாகக் கேட்டிருந்தார். இந்தக் கிழமைக்குள் புதுப் பைகள் கைக்கு வந்தால், கொட்டிலுக்கு நாலு பக்கமும் ஈரச்சாக்குக் கட்டி, ராப்பகலாகத் தண்ணீர் தெளித்தாவது கொஞ்சம் காப்பாற்றிவிடலாம். கீழே முன்வரிசையில் பெரியவர்கள் அத்தனை பேரும் கம்பளி மாட்டிக்கொண்டு, வேர்த்து வழிந்து, அவள் வாயையே பார்த்தார்கள். அவர்களைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அதைவிட, தான் சொல்லப்போவதை நினைக்க அருவருப்பாக இருந்தது.

"குளிர்தான் சேர்" என்றாள். "தாங்க ஏலாத குளிர்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பிரதம அதிதி அவள் நேர்மையை மெச்சிப் பேசினார். இப்படி உள்ளதை உள்ளபடி சொல்லும் மக்கள் இருக்கும்வரை எந்த நிறுவனமும் வழிதவறாது என்றார்.

இரண்டு நாளில் புதுப் பைகள் லொறியில் கந்தோர் வாசலில் வந்து இறங்கின. ஹவ்வா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பால்போல் வெள்ளை படர்ந்து, இன்னும் சில நாளில் மொட்டு விடும் பக்குவத்தில் இருந்தது. அவளுக்கு மனம் நிறைந்துபோனது. பட்ட வெட்கமெல்லாம் இதற்குத்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். யாகூப் ஓட்டோவைப் பின்பக்கமாக எடுத்து வாசலில் நிறுத்தினான்.

நளீமும் வாகனமில்லாத சாரதியும் பைகளைத் தூக்கினார்கள். தூக்கியவர்கள் ஓட்டோவைத் தாண்டிக் கட்டடத்துக்குள் போனார்கள்.

"நளீம்! எங்க கொண்டு போறீங்க?"

நளீம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "குளிரறைக்குத் தாத்தா."

ஹவ்வா மாடிப்படிக்கு ஓடினாள். திவாகரன் இறங்கி வந்துகொண்டிருந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"சேர், பைய என்ட கையில தாங்க. நான் வீட்டுக்குக் கொண்டு போறேன்."

"இந்த வெயில்லயா? என்னம்மா நீங்க? போன தடவ குளிர் கூடிப்போச்சு, ஒத்துக்கறேன். அதனாலதான் இப்ப இருபத்திரெண்டுக்கு ஏத்தி வச்சிருக்கேன். இப்பத்தான் போட்டுட்டு வாறேன்."

"சேர், அந்த ரூம்ல குளிர் இல்ல சேர். நெருப்பு சேர்."

திவாகரன் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். "அம்மா, அத்தன பேருக்கு முன்னால தாங்க ஏலாத குளிர்னு சொன்னது யாரு? நானா? உங்க பேச்ச நம்பித்தானே இந்தப் பைகளையே அனுப்பிச்சாங்க? இப்ப சூடுன்னா, அப்போ பொய் சொல்லித்தான் வாங்கினீங்களா?"

ஹவ்வா குளிரறைப் பக்கம் திரும்பினாள். உள்ளே கடைசிப் பையையும் அடுக்கிவிட்டு நளீம் கதவை இறுக்கி மூடுகிற சத்தம் கேட்டது. அவள் வெளியே வந்து வெறும் ஓட்டோவின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன, ஏத்தலயா?" என்று கேட்டான் யாகூப்.

"மாத்தளைக்கு விடுங்க" என்றாள் ஹவ்வா. "மில்லு பூட்ட முன்ன போகணும்."